எனக்குப் பிடிக்காத ஹிதாயா மிஸ்

செவ்வாய்க்கிழமை அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னர் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மரணச் செய்தி சொல்லும் ஜனாஸா அறிவித்தல் போனது. மருதமுனையைச் சேர்ந்த இன்னாருடைய மகள், இன்னாருடைய சகோதரி ஹிதாயா வபாத்தானார் என்றார்கள். கல்முனைப் பிரதான வீதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். நானும் என் தொழில் பங்காளர் றமீஸும் மட்டும் இருந்தோம்.

"ஆஸ்பத்திரி ஹிதாயா மிஸ்ஸா?" என்று கேட்டார் றமீஸ்.

"ஓம், அவதான் போல."

இருவரும் இன்னாலில்லாஹி சொன்னோம். பிறகு இருவரும் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு முதலில் வந்தது கவலை அல்ல. அந்தக் குரல் இனித் தொலைபேசியில் வராது என்ற ஆறுதல்தான் வந்தது. றமீஸின் முகத்திலும் அதையே கண்டேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவரைத் தெரிந்த நீங்கள் வாசிக்கப்போகும் இடத்தில், அழகுக்காக வேறொன்றைச் சொல்ல எனக்குக் கை வரவில்லை.

அடக்கம் செய்யும் மையவாடிச் சுவரோரம் நின்றபோது, அவர் வேலைசெய்த தனியார் வைத்தியசாலை முகநூலில் போட்டிருந்த அனுதாபச் செய்தியை யாரோ காட்டினார்கள். ரோசாப்பூப் படம். 'எமது அர்ப்பணிப்புமிக்க முன்னாள் உத்தியோகத்தர்.' அதை எழுதச் சொன்ன பணிப்பாளர் ஜனாஸாத் தொழுகையில் முதல் வரிசையில் நின்றார். ஹிதாயா மிஸ்ஸை எப்படி வெளியே அனுப்பினோம் என்பது அந்த மனிதருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் மூன்றாம் வரிசையில் நின்றேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

நல்லடக்கம் முடிந்து திரும்பும்போது அவருடைய மூத்த சகோதரர் அன்வர் காக்கா என் தோளைத் தொட்டார்.

"தம்பி, அவக்கு ஒரு சின்ன நினைவுப் புத்தகம் போடப்போறம். எல்லாரும் பொறுமையானவ, அமைதியானவ எண்டு எழுதித் தாறாங்க. என்ட தங்கச்சி ஒரு நாளும் பொறுமையா இரிக்கல்ல. நீங்க எழுதுங்க."

"நானா காக்கா? எனக்கும் அவவுக்கும் ஒத்தே வராதே."

"அதுக்குத்தான் கேக்கிறன். அவவோட ஆகக் கூடச் சண்ட புடிச்ச ஆள் நீங்கதான்."

ஆகவே எழுதுகிறேன்.

அந்த வைத்தியசாலையோடு எங்களுக்கு இருந்த ஒப்பந்தத்தைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். அங்குள்ள கணினிகளுக்குள் வெளியாள் எவராவது ஊடுருவினால் கண்டுபிடித்து எச்சரிக்கும் ஒரு கருவியை நாங்கள் பொருத்தியிருந்தோம். அதைப் பராமரிப்பது, அது தரும் எச்சரிக்கைகளை நாள் முழுவதும் பார்ப்பது, சந்தேகமானதை அரை மணித்தியாலத்துக்குள் வைத்தியசாலைக்கு அறிவிப்பது, பதிவுகளைப் பாதுகாத்து, கேட்டால் கொடுப்பது எல்லாம் எங்கள் பொறுப்பு. கருவி கத்த மட்டும் செய்யும். அதைக் கேட்க ஆள் இருக்கவேண்டும். ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட மறுவாரம், நோயாளர் பதிவுப் பிரிவுக்குப் பொறுப்பான ஹிதாயா மிஸ் அதன் பிரதியோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் கோடு கீறியிருந்தார். பணிப்பாளர் இந்த விடயத்தை அவர் தலையில் கட்டியிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது.

"நாள் முழுக்கப் பாக்கிறது எண்டு போட்டிரிக்கு. ஆர் பாக்கிற?"

"எங்கட டீம் மிஸ்."

"டீம் எண்டு ஒரு ஆள் இல்ல. காலையில ஆர், பின்னேரம் ஆர், அவர் சோத்துக்குப் போனா ஆர்? பேர எழுதித் தாங்க."

கொழும்பில் பெரிய கொம்பனிகளில் வேலைசெய்துவிட்டு ஊருக்கு வந்தவன் நான். அங்கே எவரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. எழுதிக் கொடுத்தேன். அவர் படியிறங்கிப் போன பிறகு அவரைப் பற்றி றமீஸிடம் சொன்னதை இங்கே எழுத முடியாது.

மூன்றாம் மாதம் அவர் செய்த வேலை இன்னும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. எங்களிடம் ஷிபானா என்றொரு பிள்ளை எச்சரிக்கைகளைப் பார்க்கும் வேலையில் இருந்தாள். ஒரு நாள் அவள் ஹிதாயா மிஸ்ஸுக்கு அழைத்து, "மிஸ், நேத்து உங்கட பதிவுக் கவுண்டர் கொம்பியூட்டர்ல ஆரோ பிழையான பாஸ்வேர்ட் அடிச்சு அடிச்சு உள்ள வரப் பாத்திரிக்காங்க" என்றாள்.

"ஓம் மகள், நான்தான் வந்த. நேத்துக் காலையில பத்து மணிக்கு வந்தன். நீங்க இண்டைக்குப் பகல் பன்னிரண்டு மணி லுஹருக்குத்தான் கண்டிரிக்கீங்க. நான் மெய்யான கள்ளனா இரிந்தா இந்நேரம் வேலைய முடிச்சிட்டு ஊட்டுக்குப் போய்ப் படுத்திரிப்பன்."

தொலைபேசி எல்லோருக்கும் கேட்கும்படி இருந்தது. ஷிபானா அழுதாள். அன்று மாலையே கடிதம் வந்தது, பணிப்பாளருக்குப் பிரதியிட்டு. அரை மணித்தியாலம் என்ற வரியை எடுத்தெழுதி, கீழே 'இருபத்தாறு மணித்தியாலம்' என்று மட்டும் எழுதியிருந்தார். ஒரு பிள்ளையை எல்லோர் முன்னாலும் அப்படி நோகடித்திருக்கத் தேவையில்லை. அதை நான் அன்றும் மன்னிக்கவில்லை, இன்றும் மன்னிக்கவில்லை. ஷிபானாவைத் தனியே அந்த வேலையில் விட்டுவிட்டு, அவள் பார்ப்பதை யாரும் பார்க்காமல் விட்டவன் நான் என்பது வேறு விடயம்.

இனி என்னுடைய குற்றத்துக்கு வருகிறேன்.

வைத்தியசாலையின் ஆய்வுகூடத்துக்குப் புதிதாக ஓர் இரத்தப் பரிசோதனை இயந்திரம் வந்தது. அது தன்னைச் செய்த கொம்பனியோடு இணையத்தில் ஓயாமல் தொடர்புகொண்டபடி இருந்தது. எங்கள் கருவி அதையும் ஊடுருவல் என்று எண்ணி நாளுக்கு நூற்றுக்கணக்கில் எச்சரிக்கை அனுப்பியது. எல்லாம் வீண் எச்சரிக்கை. பார்த்துப் பார்த்து எங்களிடம் வேலைசெய்த பிள்ளைகள் களைத்துப்போனார்கள். அந்த இயந்திரத்திலிருந்து வரும் எச்சரிக்கை எதையும் காட்டவேண்டாம் என்று கருவியில் மாற்றம் செய்யச் சொன்னேன். இப்படியான மாற்றத்துக்கு வைத்தியசாலையின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்பது ஒப்பந்தம். அனுமதி கேட்டால் ஹிதாயா மிஸ் வருவார். ஏன், எதற்கு, எவ்வளவு காலத்துக்கு, வீண் எச்சரிக்கையை மட்டும் பிரித்து நிறுத்த முடியாதா என்று கேட்பார். பிரித்து நிறுத்த முடியும். அதற்கு ஒரு வாரம் உட்கார்ந்து வேலைசெய்யவேண்டும். நான் கேட்கவில்லை. ஒட்டுமொத்தமாக மூடிவிட்டேன். நான்கு மாதம் அலுவலகம் அமைதியாக இருந்தது.

அந்த இயந்திரத்தின் வழியாகத்தான் ஆள் உள்ளே வந்தான்.

எங்களுக்கு அது தெரியவந்தது கருவியாலோ எங்கள் பிள்ளைகளாலோ அல்ல. நாவிதன்வெளிப் பக்கத்திலிருந்து வயல் செய்யும் குடும்பத்துப் பெண் ஒருவர், கைத்தொலைபேசியைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு, பஸ் ஏறி வைத்தியசாலைக்கு வந்தார். பதிவுக் கவுண்டரில் நின்று மெதுவாகக் கேட்டாராம்: "மிஸ், இது இஞ்ச எடுத்த என்ட ரிப்போட் தானே? இதை ஆரோ எனக்கே அனுப்பி, காசு போடாட்டி ஊரெல்லாம் அனுப்புவன் எண்டு மிரட்டுறான். என்ட மனுசனுக்கே நான் இன்னும் சொல்லல்லையே."

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. ஹிதாயா மிஸ் யாருக்கும் சொல்லவில்லை.

மறுநாள் பணிப்பாளரின் அறையில் கூட்டம். பணிப்பாளர், ஒரு சட்டத்தரணி, ஹிதாயா மிஸ், நான். கருவி எந்த எச்சரிக்கையும் தரவில்லை என்றேன். இது புதுவகை ஊடுருவல், உலகத்தில் எந்தக் கருவியாலும் பிடிக்க முடியாது என்றேன். பணிப்பாளர் தலையாட்டினார். ஹிதாயா மிஸ் என்னைப் பார்த்தார்.

"அப்ப அந்தப் பதிவு லொக்கத் தாங்க சேர். வந்த எச்சரிக்கை எல்லாத்தையும் வச்சிரிக்கணும், கேட்டா தரணும் எண்டு இரிக்கே."

"ரெண்டு நாள் எடுக்கும்."

அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு ஓட்டோவில் வந்து எங்கள் முன்னறைக் கதிரையில் அமர்ந்தார். தேநீர் கொடுத்தோம், தொடவில்லை. லுஹருக்குப் பக்கத்துப் பள்ளிவாசலில் பெண்கள் தொழும் அறைக்குப் போய்விட்டு, அதே கதிரைக்குத் திரும்பி வந்தார். நாலு மணிவரைக்கும் அவர் சொன்னது ஒரே வசனம்: "தந்தீங்க எண்டா நான் போயிருவன்." றமீஸ் என்னை உள்ளே கூப்பிட்டு, "குடுத்துத் தொலைங்க, இல்லாட்டி நாளைக்கும் வருவா" என்றார். எச்சரிக்கைப் பதிவுகளைக் கொடுத்தேன். கருவியில் யார் எப்போது என்ன மாற்றம் செய்தார்கள் என்ற பதிவை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுத்தேன்.

மூன்று நாள் கழித்து மீண்டும் கூட்டம். அவர் ஒரு கொப்பியைக் கொண்டுவந்திருந்தார். எங்கள் பதிவுகளை நாள்வாரியாகக் கையால் எண்ணி எழுதியிருந்தார். ஆய்வுகூட இயந்திரத்தின் பத்தியில் நூறு நூறாக வந்துகொண்டிருந்த எண், ஒரு திங்கட்கிழமையிலிருந்து பூச்சியமாகியிருந்தது.

"இவ்வளவு நாளும் கத்தின மெஷின் ஒரே நாள்ல வாய மூடாது. ஆரோ மூடியிரிக்காங்க. ஆர் சேர் அது?"

சட்டத்தரணி பேனையை மூடி வைத்தார். ஹிதாயா மிஸ் அதோடு நின்றிருந்தால் நான் மட்டும் மாட்டியிருப்பேன். அவர் நிற்கவில்லை. பணிப்பாளர் பக்கம் திரும்பினார்.

"இவர் பொய் சொன்ன. ஆனா மாசம் மாசம் இவங்கட ரிப்போட்டுக்குக் கையெழுத்து வச்ச நான்தான். இந்த மெஷின்ட கணக்கு இல்லாமப் போன நாலு மாசமும் நான் காணல்ல. அதையும் எழுதுங்க. மறுகா, ஆர்ர ஆர்ர ரிப்போட் போனதோ அவங்க எல்லாருக்கும் நாங்க போய்ச் சொல்லணும்."

பணிப்பாளர் கதிரையிலிருந்து எழுந்துவிட்டார். "உங்களுக்குப் பைத்தியமா? ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்கு ஒரு நோயாளி இந்தப் படியில ஏறுவானா?"

"அப்ப கள்ளன் வந்து சொல்லட்டும் எண்டு விடுறதா?"

அன்று பின்னேரம் பணிப்பாளரும் சட்டத்தரணியும் நானும் மட்டும் கூடினோம். நோயாளர் தகவல் எதுவும் வெளியே போகவில்லை, ஒரு சிறு தொழில்நுட்பக் கோளாறு சரிசெய்யப்பட்டது என்று ஓர் அறிக்கை தயாரானது. வைத்தியசாலை எங்களைக் காட்டிக்கொடுக்காது, நாங்கள் வைத்தியசாலையைக் காட்டிக்கொடுக்க மாட்டோம். நான் கையொப்பமிட்டேன். ஹிதாயா மிஸ்ஸின் கையொப்பத்துக்கும் ஓர் இடம் விட்டிருந்தார்கள். அவர் அந்தத் தாளை வாசித்துவிட்டு மேசையில் வைத்து, தன் கைப்பையை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் அவரை மருந்துக் களஞ்சியத்துக்கு மாற்றினார்கள். பதினெட்டு வருடம் வேலைசெய்த இடம். மாத முடிவில் அவராகவே விலகினார். 'முன்னாள் உத்தியோகத்தர்' என்று முகநூலில் போட்டார்களே, அந்த 'முன்னாள்' இப்படி வந்தது.

யாருடைய பதிவுகள் திறக்கப்பட்டன என்ற பட்டியலைத் தயாரித்தவரே அவர்தான். அதை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போகத் தொடங்கினார். மருதமுனை, சாய்ந்தமருது, பாண்டிருப்பு, காரைதீவு, நாவிதன்வெளி. சம்பந்தப்பட்ட ஆளைத் தனியாகக் கூப்பிட்டு, இன்ன நாளில் எடுத்த உங்கள் ரிப்போட் வெளியே போயிருக்கிறது, மிரட்டி யாரும் பேசினால் பயப்படவேண்டாம், பொலிசில் சொல்லுங்கள், வீட்டில் யாருக்காவது சொல்வதாக இருந்தால் நீங்களே முந்திச் சொல்லுங்கள் என்பார். சொல்லி முடித்ததும் அந்தப் பெயரை வெட்டிவிடுவார். யாரும் அவருக்கு நன்றி சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. மானத்தை வாங்க வந்தவள் என்றார்கள். ஒரு வீட்டில் வாசல் படலையைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில் அவர் போன பிறகு, "ஆஸ்பத்திரிக்காரி என்னத்துக்கு உன்னத் தேடி வந்த?" என்று மாமியார் கேட்டு, பெரிய சண்டையாகிவிட்டது. பணிப்பாளர் எனக்குத் தொலைபேசியில் அழைத்து இதைச் சந்தோசமாகச் சொன்னார். நானும் சந்தோசமாகக் கேட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை அவர் சாய்ந்தமருதில் என் வீட்டுப் படலையைத் தட்டினார். எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"இன்னும் என்ன வேணும் மிஸ்? ஊடு பூந்து சண்ட மூட்டுறீங்களாமே. அந்தப் புள்ளைக்கு மாமியாரோட நடந்தது தெரியுமா?"

"ஓம். அது என்ட பிழை. மாமியார் இரிக்கக்குள்ள போயிரிக்கக் கூடாது." மூச்சு வாங்கினார். சிறுநீரக நோய் அப்போதே அவரைப் பிடித்திருந்தது, எனக்குத் தெரியாது. "நான் உங்களப் பாக்க வரல்ல. உங்கட மனைவியோட கதைக்கணும். நீங்க கொஞ்சம் வெளியில நில்லுங்க."

நான் என் சொந்த வீட்டுப் படலைக்கு வெளியே நின்றேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. போனவர்கள் வந்தவர்கள் சலாம் சொல்லி, என்ன வெளியில் நிற்கிறீர்கள் என்று கேட்டார்கள். கால்மணித்தியாலம் இருக்கும். அவர் வெளியே வந்து என்னைத் தாண்டி ஓட்டோவில் ஏறினார். உள்ளே என் மனைவி கட்டில் விளிம்பில் இருந்தாள்.

"என்ட ரிப்போட்டும் போயிரிக்காம்" என்றாள்.

"என்ன ரிப்போட்? நீங்க எப்ப ரத்தம் குடுத்த?"

"அத நான் சொல்ற நேரம் சொல்றன். இப்ப கேக்காதீங்க." கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்: "ஆஸ்பத்திரிய பாக்கிற வேலை உங்கட கொம்பனிக்குத்தானே? ஆர் கவனிக்காம விட்ட?"

"அவ சொல்லல்லையா?"

"கேட்டன். அத உங்கட மனுசன்ட்டக் கேளுங்க, நான் வந்தது உங்கட விசயத்துக்கு மட்டும் எண்டு சொல்லிட்டா."

என்னைப் பழிவாங்க அவருக்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. அவர் அதைத் தொடவில்லை. அது கருணையா என்றால் இல்லை. அந்த வேலையை எனக்கென்று விட்டுவைத்தார். நான் கட்டிலுக்கு எதிரே நிலத்தில் அமர்ந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இரண்டு வாரம் என்னோடு கதைக்கவில்லை. அந்தப் பரிசோதனை என்ன என்பதை இன்றுவரை நான் அறியேன். ஒருமுறை ஹிதாயா மிஸ்ஸிடமே கேட்டேன். "அது உங்களுக்குரிய தகவல் இல்ல" என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

அந்த இரண்டாவது வாரம், முன்னர் கையொப்பமிட்ட அறிக்கையைத் திரும்பப் பெறுவதாகப் பணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அலுவலகத்தில் எவரும் தட்டச்சுச் செய்யக் கூடாதென்று என் கையாலேயே எழுதினேன். கொடுப்பதற்கு முன்னர் மருதமுனைக்கு எடுத்துப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் சரியான பதில் இல்லை. பாராட்டு எதிர்பார்த்திருக்கலாம்.

அவர் முன்விறாந்தையில் வைத்து வாசித்தார். உட்காரச் சொல்லவில்லை. பிறகு உள்ளே போய்ச் சிவப்புப் பேனை எடுத்து வந்தார். 'எமது கண்காணிப்பில் தவறு நேர்ந்துவிட்டது' என்று எழுதியிருந்தேன். அந்த வரியில் கோடு விழுந்தது.

"நேர்ந்துவிட்டதா? மழையா பெய்த, தானா நேர? ஆர் மூடின? நீங்கதானே?"

'நேர்ந்துவிட்டது' என்பதை வெட்டி, மேலே 'செய்தேன்' என்று எழுதினார். 'எமது' என்பதையும் வெட்டினார்.

"இதப் பாத்து வேற தாள்ல எழுதிக் குடுங்க" என்று நீட்டினார். கதவைச் சாத்தவில்லை, ஆனால் திரும்பி உள்ளே போய்விட்டார்.

புதிய தாளில் எழுதிக் கொடுத்தேன். வைத்தியசாலை எங்கள் ஒப்பந்தத்தை முறித்தது. வேறு மூன்று இடங்களும் எங்களை விட்டுப் போயின. ஷிபானா ஒலுவிலில் வேறு வேலை தேடிக்கொண்டாள். பணிப்பாளரோ என் கடிதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, குற்றம் முழுக்க எங்களுடையது என்று ஊர் முழுக்கச் சொன்னார். அதன் பிறகுதான் வைத்தியசாலை நோயாளர்களுக்கு முறைப்படி அறிவித்தது. அதற்குள் ஹிதாயா மிஸ் பட்டியலில் இருந்த எல்லாப் பெயரையும் வெட்டி முடித்திருந்தார். மிரட்டியவனுடைய அழைப்புகளைப் பலர் எடுத்து, தெரியும் போடா என்று வைத்துவிட்டதாகப் பொலிசில் சொன்னார்கள். அவன் பிடிபடவில்லை.

கடைசியாக அவரைக் கண்டது அரசாங்க வைத்தியசாலையில், இரத்தம் சுத்திகரிக்கும் பிரிவுக்கு வெளியே உள்ள நீண்ட மர வாங்கில். மெலிந்துபோயிருந்தார். சலாம் சொன்னேன். பதில் சலாம் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவ்வளவு நோயிலும் அந்தக் கழுத்துத் திரும்பிய வேகத்தைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது.

நீங்கள் அவரை நல்லவர் என்று எழுதுங்கள், அது உங்கள் உரிமை. அவர் கடுமையானவர், மற்றவர் மனம் நோவதைப் பார்க்காதவர், எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அவருக்கும் என்னைப் பிடிக்கவில்லை. இறுதியில் என்னை மன்னித்திருப்பார் என்று ஜனாஸா வீட்டில் ஒருவர் ஆறுதல் சொன்னார். மன்னிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவரைக் கௌரவிக்க நினைக்கும் யாரும் அந்தப் பொய்யைச் சொல்லவேண்டாம்.

சிவப்புக் கோடு விழுந்த அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. அதில் இருப்பதெல்லாம் என் கையெழுத்து, 'செய்தேன்' என்ற ஒரு சொல்லைத் தவிர. அந்தச் சொல்லை அவர்தான் எழுதினார். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.